சனிக்கிழமை புது ஆக்சஸ் பாயிண்ட் வருகிறது: அதற்குள் லேப்டாப், போன், பிரிண்டரில் என்ன செய்து வைக்க வேண்டும்?

நுனிப்புல் | திங்கள், இரவு 9:12

எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர். நான் கணக்கு எழுதுபவன். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்ற ஒரே காரணத்துக்காக வைஃபை பொறுப்பும் என் தலையில் விழுந்துவிட்டது.

எட்டு வருடமாக ஓடிய பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு வைஃபை 6 ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) ஒன்று வைக்கப் போகிறோம். ரவுட்டர் வேலையையும் அதுவே பார்க்கும். சனிக்கிழமை ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஞாயிறு முழுக்க என் கையில். திங்கள் காலை எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்களிடம் இருப்பவை: பதினொரு லேப்டாப் (மூன்று ரொம்பப் பழசு), எல்லாருடைய போன்கள், ஒரு பிரிண்டர், விரல் வைத்து வருகை பதியும் மெஷின் ஒன்று.

ஆக்சஸ் பாயிண்ட் பக்கம் என்ன செய்வது என்று நிறையப் படித்துவிட்டேன். இணையப் போகும் சாதனங்களின் பக்கம் முன்கூட்டியே ஏதாவது செய்ய வேண்டுமா? இல்லை, பாஸ்வேர்டை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதுமா?


முடிச்சு | திங்கள், இரவு 9:30

ஒட்டவே வேண்டாம். பழைய ரவுட்டரில் இருந்த அதே பெயர், அதே பாஸ்வேர்டைப் புதியதிலும் வையுங்கள். ஓர் எழுத்து மாறக் கூடாது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் கணக்கு. திங்கள் காலை வருகிறவர்களுக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது. மூன்று இடத்தில் இப்படித்தான் மாற்றினேன்.


அலைவரிசை | திங்கள், இரவு 10:47

முடிச்சு சொன்ன வழி பாதி தூரம் கொண்டுபோய் விடும். மீதிப் பாதியில்தான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும்.

ஒரு லேப்டாப் ஒரு நெட்வொர்க்கை நினைவில் வைக்கும்போது பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் வைப்பதில்லை. எந்த வகைப் பாதுகாப்பு என்பதையும் சேர்த்து வைக்கிறது. உங்கள் பழைய ரவுட்டர் அநேகமாக டபிள்யூபிஏ2. அது 2004-ல் வந்தது. புதியதில் மாட்டுகிறவர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துவிட்டுப் போனால், அது 2018-ல் வந்த சங்கதி, உங்கள் மூன்று பழைய லேப்டாப்புகளுக்குப் புரியாது. புரிகிற லேப்டாப்கூடப் பழைய நினைவை வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டு நிற்கலாம். அதனால் இரண்டும் கலந்த முறையைக் கேளுங்கள். அப்படியும் இணையாத சாதனத்தில் அந்த நெட்வொர்க்கை "மறந்துவிடு" கொடுத்து, புதிதாகச் சேர வையுங்கள்.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது: உனக்கு என்னென்ன தெரியும் என்று ஒவ்வொரு லேப்டாப்பையும் கேட்பது. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்" (netsh wlan show drivers) கட்டளையைக் கொடுங்கள். டிரைவரின் (வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருள்) தேதி, அட்டை பேசும் 802.11 (வைஃபை) வகைகள், அதற்குத் தெரிந்த பாதுகாப்பு முறைகள் எல்லாம் வரும். அந்த வகைப் பட்டியலில் 802.11n வரை மட்டும் இருந்து 802.11ac, 802.11ax இரண்டும் இல்லையென்றால், அந்த லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பார்க்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

டிரைவர் விஷயத்தை மட்டும் ஞாயிறுக்குத் தள்ளாதீர்கள். பழைய டிரைவர் உள்ள சில வைஃபை அட்டைகளுக்கு, வைஃபை 6-ல் ஓடும் ரவுட்டரின் பெயர் பட்டியலிலேயே வராது. பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்கே போகாது. புது டிரைவர் போட்டால் வந்துவிடும். ஆனால் டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். பழைய ரவுட்டர் உயிரோடு இருக்கும்போதே இறக்கிப் போட்டுவிடுங்கள். நெட்வொர்க் கேபிள் ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று, பிரிண்டருக்கும் வருகை மெஷினுக்கும் ஐபி முகவரியை (நெட்வொர்க்குக்குள் ஒரு சாதனத்தின் கதவு எண் மாதிரி) கையால் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எட்டு வருடத்துக்கு முன் மாட்டியவர்கள் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். எண்ணைக் குறித்துவையுங்கள்.


துருப்பிடித்த ஆண்டெனா | செவ்வாய், காலை 6:05

அலைவரிசை எல்லாம் சொல்லிவிட்டார். நான் இரண்டு சில்லறை விஷயம் சேர்க்கிறேன்.

பழைய லேப்டாப் என்றால் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபைக்கென்று சின்ன சுவிட்ச் இருக்கலாம். நான் ஒருமுறை அரை நாள் டிரைவரைப் பிரித்து மேய்ந்துவிட்டு, கடைசியில் அந்த சுவிட்சைத் தள்ளிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

அடுத்தது கடிகாரம். பழைய லேப்டாப்பில் போர்டின் பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். உங்களுடையது எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு முறை என்பதால் வைஃபையில் இணைவதற்கு அது தடையில்லை. ஆனால் இணைந்த பிறகு எந்தத் தளமும் திறக்காது, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லும். உடனே எல்லாரும் புது ரவுட்டரைத் திட்டுவார்கள். ஆளுக்கொரு பயனர்பெயர் கொடுக்கும் பெரிய நிறுவன வைஃபை என்றால் கதை வேறு. அங்கே இணையும்போதே சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும், தேதி தப்பாக இருந்தால் வாசலிலேயே நின்றுவிடும்.

அந்தக் காலத்து வெப் (WEP) பாதுகாப்பு முறையில் இன்னொரு வேடிக்கை உண்டு. தப்பான சாவியைக் கொடுத்தாலும் "இணைந்தது" என்றே காட்டும், ஐபி மட்டும் வராது. அதில் பழகிய எனக்கு இன்றும் "இணைந்தது" என்ற சொல்லில் நம்பிக்கை கிடையாது.


நுனிப்புல் | செவ்வாய், மதியம் 1:20

இருவருக்கும் நன்றி. சுவிட்ச் கதையைப் படித்துவிட்டு ஒரு லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது!

நடுவில் ஒரு புதுச் சிக்கல். மேனேஜருக்கு நெட்வொர்க் பெயரைத் தமிழில் வைக்க ஆசை வந்துவிட்டது. வைக்கலாமா? பாஸ்வேர்டையும் தமிழில் வைக்கலாமே என்கிறார்.


எழுத்தெண்ணி | செவ்வாய், மாலை 5:48

இதற்காகவே உள்ளே வருகிறேன், இவ்வளவு நாள் வெளியே நின்று படித்துக்கொண்டிருந்தவன்.

பெயரைத் தமிழில் வைக்கலாம். ஆனால் இடம் 32 பைட்டுதான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. ஆக மொத்தம் பத்துக் குறிதான் கொள்ளும். "அலுவலகம்" என்பதில் எட்டுக் குறி, 24 பைட், உட்கார்ந்துவிடும். "கணக்குப்பிரிவு" என்பதில் பதினான்கு, 42 பைட், வாய்ப்பே இல்லை.

அடுத்தது ரொம்ப நுட்பம். ஒகரம், ஓகாரம் வரும் பெயர்களை விட்டுவிடுங்கள். "தொ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாதனம் பார்ப்பது பைட்டை. பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை இல்லை. கையால் தட்டச்சு செய்து சேர்த்தால் "அப்படி ஒரு நெட்வொர்க்கே இல்லை" என்று சொல்லிவிடும், நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பாஸ்வேர்டு தமிழில் வேண்டாம். டபிள்யூபிஏ2-ல் அது 8 முதல் 63 வரையிலான ஆஸ்கி எழுத்துகள்தான் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்). சில சாதனம் ஏற்பது போலக் காட்டினாலும் மற்றது ஏற்காது.

வருகை மெஷின் இருக்கிறதே, அதன் திரையில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும் என்பது என் ஊகம்.


முடிச்சு | செவ்வாய், மாலை 6:10

பார்த்தீர்களா, பெயரை மாற்றாதீர்கள் என்றுதான் முதலிலேயே சொன்னேன் :)


அலைவரிசை | செவ்வாய், இரவு 8:33

இந்த முறை முடிச்சு பக்கம்தான் நானும். இன்னொரு காரணமும் உண்டு. டபிள்யூபிஏ2-ல் பாஸ்வேர்டை அப்படியே சாவியாகப் பயன்படுத்துவதில்லை. அதோடு நெட்வொர்க் பெயரையும் கலந்து, 4096 முறை அரைத்து வருவதுதான் சாவி. பெயர் மாறினால், பாஸ்வேர்டு அதேதான் என்றாலும் சாவி வேறு. எல்லாச் சாதனத்தையும் ஒருமுறை தொட்டாக வேண்டும். மேனேஜருக்கு விருந்தினர் நெட்வொர்க்கைத் தமிழில் வைத்துக் கொடுத்துவிடுங்கள், ஆசையும் தீரும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ரவுட்டரைச் சனிக்கிழமையே அணைத்து எடுத்துவிடுங்கள். "இருக்கட்டுமே" என்று மூலையில் ஓட விட்டால், ஒரே பெயரில் இரண்டு வைஃபை. எதில் ஒட்டுவது என்பதை முடிவு செய்வது சாதனம்தான், ரவுட்டர் இல்லை. பாதிப் பேர் பழையதில் ஒட்டிக்கொண்டு இணையம் இல்லை என்பார்கள்.


பூட்டுச்சாவி | புதன், காலை 10:02

பாதுகாப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே? எல்லாச் சாதனங்களின் மேக் முகவரியையும் (வைஃபை அட்டையின் அடையாள எண்) இந்த வாரமே எழுதி வாங்கி, அவை மட்டும்தான் இணையலாம் என்று பூட்டிவிடுங்கள். நெட்வொர்க் பெயரையும் மறைத்துவிடுங்கள். தயார் செய்வது என்றால் முதல் வேலை இதுதான்.


அலைவரிசை | புதன், மதியம் 12:41

மன்னிக்கவும், இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

மேக் முகவரிப் பட்டியல் ஒரு காலத்தில் நடந்தது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் தங்கள் நிஜ முகவரியைக் காட்டுவதில்லை. நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் பொய் முகவரி வைத்துக்கொள்கின்றன. "போனைப் பற்றி" பக்கத்தில் பார்த்து எழுதி வாங்கும் எண் வேறு, ரவுட்டருக்கு வந்து சேரும் எண் வேறு. திங்கள் காலை பதினான்கு போனும் வாசலில் நிற்கும். முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் வேடம் போட்ட முகவரி. இத்தனைக்கும், உள்ளே நுழைய நினைப்பவன் காற்றில் போகும் முகவரியைப் பார்த்து அப்படியே தனக்குப் போட்டுக்கொள்ளலாம். அது மறைபொருளே இல்லை.

பெயரை மறைப்பது அதைவிட மோசம். மறைத்த நெட்வொர்க்கைச் சேமித்துவைத்த போன், "அந்தப் பெயர்க்காரர் இங்கே இருக்கிறாரா?" என்று போகிற இடமெல்லாம் கூவிக்கொண்டே போகும்.


பூட்டுச்சாவி | புதன், மதியம் 1:15

போனுக்குச் சரி. பிரிண்டர், வருகை மெஷின் மாதிரி இடம் மாறாத சாதனத்துக்கு மேக் முகவரி எழுதி வைப்பதில் என்ன தப்பு?


அலைவரிசை | புதன், மதியம் 1:22

தப்பே இல்லை. பூட்டுவதற்கு இல்லை, அந்த முகவரியைக் காட்டி ரவுட்டரில் நிலையான ஐபி ஒதுக்குவதற்கு. அதற்குக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். இதை நானே சொல்லியிருக்க வேண்டும்.


இரவுப்பறவை | புதன், இரவு 11:58

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் இரண்டு லேப்டாப்பும் ஒரே மேசையில். ஒன்றுக்கு வைஃபை பெயர் தெரிகிறது, மற்றதற்குத் தெரியவே இல்லை. டிரைவர் புதுசுதான். இரண்டுமே 2.4 பிடிக்கும்.


துருப்பிடித்த ஆண்டெனா | வியாழன், காலை 5:50

ரவுட்டர் எந்தச் சேனலில் (2.4-க்குள் இருக்கும் எண்ணிட்ட தடம்) இருக்கிறது என்று பாருங்கள். 12 அல்லது 13 என்றால் விஷயம் அதுதான். அந்தச் சேனல்களை எல்லா நாட்டிலும் வழக்கமாகத் திறந்துவிடுவதில்லை. அமெரிக்க அமைப்போடு வந்த வைஃபை அட்டை 11-க்கு மேல் எட்டிக்கூடப் பார்க்காது. ரவுட்டரை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம். நாடு எது என்று சொல்லும்வரை அதில் வைஃபை பூட்டியே கிடக்கும்.


இரவுப்பறவை | வியாழன், காலை 8:14

13! மாற்றினேன், வந்துவிட்டது. இரண்டு மாதமாக அந்த லேப்டாப்பைக் கேபிளில் கட்டிப் போட்டிருந்தேன் ஐயா.


நுனிப்புல் | வெள்ளி, இரவு 9:40

இதுவரை செய்தது. பதினொரு லேப்டாப்பிலும் அந்தக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். எட்டுக்கு டபிள்யூபிஏ3 தெரிகிறது. மூன்று பழையவற்றுக்குத் தெரியவில்லை, அதில் ஒன்று 2.4 மட்டும். நான்கில் டிரைவர் புதுப்பித்தேன். ஒன்றில் தேதி 2009 என்று இருந்தது (ஆண்டெனா ஐயா வாழ்க), பேட்டரி மாற்றியாயிற்று. பிரிண்டரில் கையால் கொடுத்த முகவரி இருக்கிறது: 192.168.1.50. வருகை மெஷினுக்குள் எப்படிப் போவது என்றே தெரியவில்லை, விட்டுவிட்டேன்.


நுனிப்புல் | ஞாயிறு, மாலை 4:05

லேப்டாப் பதினொன்றும் தானாகவே இணைந்துவிட்டன! ஒன்றில் மட்டும் "மறந்துவிடு" கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, பிரிண்டர். வைஃபை விளக்கு எரிகிறது, யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு, வருகை மெஷின். பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது. சரி என்று விருந்தினர் நெட்வொர்க்கை 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றிப் பார்த்தேன். அதில் உடனே இணைந்துவிட்டது! ஆனால் என் லேப்டாப்பில் இருக்கும் வருகை மென்பொருள் அதைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.


அலைவரிசை | ஞாயிறு, மாலை 4:31

பிரிண்டர்: புது ரவுட்டரின் முகவரி என்ன? 192.168.0.1 என்று இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். முகவரியின் மூன்றாவது எண்ணைத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் இன்னும் பழைய 1-ஆம் தெருவிலேயே குடியிருக்கிறது, மற்ற எல்லாரும் 0-ஆம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ரவுட்டரையே 192.168.1.1 என்று மாற்றிவிடுங்கள், பிரிண்டரைத் தொடவே வேண்டாம். மாற்றும்போது டிஹெச்சிபி (சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் ரவுட்டரின் வேலை) தானாகக் கொடுக்கும் முகவரிகளின் கடைசி எண்ணை 100-லிருந்து தொடங்க வையுங்கள். கையால் கொடுத்தவை எல்லாம் 100-க்குக் கீழே ஒதுங்கிக்கொள்ளட்டும்.

வருகை மெஷின்: கலப்பு முறையில் ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் இரண்டு வகைப் பாதுகாப்பும் சேர்ந்து வரும். சில பழைய சாதனங்கள் அதைப் பார்த்துக் குழம்பி ஒதுங்கிவிடும். நீங்கள் கண்டுபிடித்த வழி சரி, இடம்தான் தப்பு. விருந்தினர் நெட்வொர்க்கில் இருப்பவர்கள் இணையத்தை மட்டும் பார்க்கலாம், உள்ளே இருக்கும் மற்ற சாதனங்களைப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் அது இருக்கிறது. விருந்தினர் அல்லாத இரண்டாவது பெயர் ஒன்று அதே அமைப்பில் உருவாக்கி, மெஷினை அதற்கு மாற்றுங்கள்.


நுனிப்புல் | ஞாயிறு, மாலை 6:20

0.1 தான்! மாற்றினேன், பிரிண்டர் பேசுகிறது. வருகை மெஷினும் வந்துவிட்டது. அதன் பொத்தானில் பாஸ்வேர்டு அடிப்பது பழைய போனில் குறுஞ்செய்தி அடித்த மாதிரி, ஒரு எழுத்துக்கு நான்கு அழுத்தம். இருபது எழுத்துப் பாஸ்வேர்டு வைத்தவன் நான்தான், யாரைத் திட்டுவது.


நுனிப்புல் | திங்கள், மதியம் 12:10

காலையில் எல்லாம் அருமை. இப்போது நம்ப முடியாத ஒன்று. என் பக்கத்து மேசைக்காரரின் லேப்டாப்பில் மேனேஜர் உள்ளே வந்தால் இணையம் போகிறது. அவர் வெளியே போனால் வருகிறது. மூன்று முறை பார்த்துவிட்டோம். சிரிக்காதீர்கள்.


துருப்பிடித்த ஆண்டெனா | திங்கள், மதியம் 12:25

சிரித்துவிட்டேன். அந்த லேப்டாப்பின் ஐபி முகவரி என்ன? மேனேஜர் போனின் முகவரி என்ன? இரண்டையும் பாருங்கள்.


நுனிப்புல் | திங்கள், மதியம் 1:02

இரண்டும் 192.168.1.25.


அலைவரிசை | திங்கள், மதியம் 1:15

போனில் அந்த நெட்வொர்க்கின் அமைப்பில் ஐபி "நிலையானது" என்று இருக்கும். எப்போதோ யாரோ கையால் போட்டது. பெயரை மாற்றாமல் வைத்தோமே, போன் அந்தப் பழைய அமைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. டிஹெச்சிபி 100-லிருந்து தொடங்க வைத்தீர்களா?


நுனிப்புல் | திங்கள், மதியம் 1:19

மறந்துவிட்டேன். 2-லிருந்து ஓடுகிறது. பழைய ரவுட்டர் 100-லிருந்து கொடுத்திருக்கிறது, அதனால்தான் இத்தனை வருடம் மோதவில்லை போலிருக்கிறது.


முடிச்சு | திங்கள், மதியம் 1:40

அதே பெயரை வைக்கச் சொன்னவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.


நுனிப்புல் | திங்கள், மாலை 3:30

ரவுட்டரில் 100-லிருந்து என்று மாற்றி, லேப்டாப்பைத் துண்டித்து இணைத்தேன், புது முகவரி வந்துவிட்டது. மேனேஜரின் போனையும் "தானியங்கி"க்கு மாற்றிவிட்டேன். "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். உங்கள் போன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்டேட் என்று சொல்லிவிட்டேன்.